கேட்ட கேள்வியும் கிடைத்த எண்ணும்: குடும்ப வன்முறையை இந்தியா அளக்கத் தொடங்கிய வரலாறு

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

கர்நாடகத்தில் ஒருமுறையேனும் திருமணமான பெண்களுள், கணவனின் கையால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள் நூற்றுக்கு 20.6 பேர் என்று 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறியது. அதற்கு அடுத்த சுற்றான 2019-21ஆம் ஆண்டு ஆய்வு, அதே மாநிலத்தில் அவ்வெண் 44.4 என்று கூறியது. நான்கைந்து ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் ஆடவர் இருமடங்கு கொடியவராகிவிட்டனர் என்று நாளேடுகள் சில பொருள் கொண்டன. பெருந்தொற்றுக்கால ஊரடங்கே காரணம் என்று வேறு சிலர் விளக்கம் தந்தனர். ஆனால் கர்நாடகத்தில் அச்சுற்றின் களப்பணி, முதல் ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இத்தகைய எண் ஒன்றை எப்படிப் புரிந்துகொள்வது? அதைச் செய்தியாக வாசிப்பதற்கு முன், அந்த எண் எந்தக் கேள்விக்கு விடையாகக் கிடைத்தது, அக்கேள்வியை யார், எங்கே, எந்தச் சூழலில் கேட்டார் என்பதை அறிய வேண்டும். அக்கேள்விகளுக்கென ஒரு வரலாறு இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் குறைவான அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

1. காவல் நிலையப் பதிவேடு மட்டும் இருந்த காலம்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் வன்முறை குறித்த தேசிய அளவிலான எண்கள் நெடுங்காலம் ஒரே ஊற்றிலிருந்து வந்தன. 1953ஆம் ஆண்டு முதல் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற தலைப்பில் வெளிவரும் அரசு அறிக்கை, காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் தொகுப்பாகும். புகார் எழுந்தால், அப்புகாரைக் காவலர் ஏற்றால், ஏற்றதைச் சட்டத்தின் ஏதேனுமொரு பிரிவின்கீழ் எழுதினால் மட்டுமே ஒரு நிகழ்வு அந்த அறிக்கையில் இடம்பெறும். இம்மூன்று வாயில்களுள் ஒன்று மூடியிருந்தாலும் அந்நிகழ்வு கணக்கிற்கு வராது.

1979இல் மதுரா வழக்கின் உச்சநீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சட்டப் பேராசிரியர் நால்வர் எழுதிய திறந்த மடலும், அதனைத் தொடர்ந்து நாடெங்கும் எழுந்த பெண்கள் இயக்கமும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்கு வழிவகுத்தன. அதே ஆண்டில், கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவும் வந்தது. ஆயின் இயக்கத்தின் கையிலிருந்த சான்றுகள் பெரும்பாலும் தனித்தனி வழக்குகளும் சாவுகளுமே. ஸ்டவ் வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்ட இளம்பெண்களின் பட்டியலைச் செய்தித்தாள்களிலிருந்து திரட்ட முடிந்தது. அடிவாங்கி உயிரோடு இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடையளிக்க எந்த ஆவணமும் இல்லை. அதை அறிய ஒரே வழி, பெண்களிடமே நேரில் கேட்பது. எப்படிக் கேட்பது என்பது பிற நாடுகளிலும் அப்போதுதான் கற்றுக்கொள்ளப்பட்டுக்கொண்டிருந்தது.

2. பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காத விடை

அமெரிக்க அரசு 1972இல் தேசியக் குற்றக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. காவல்துறைக்குச் செல்லாத குற்றங்களையும் மக்களிடம் நேரில் கேட்டறிவது அதன் நோக்கம். ஆனால் பாலியல் வல்லுறவு பற்றி அதில் நேரடிக் கேள்வியே இல்லை. 'யாரேனும் உங்களைத் தாக்கினார்களா, தாக்க முயன்றார்களா' என்ற வகையில் பொதுவாகக் கேட்பார்கள். பெண் தானாக முன்வந்து சொன்னால் மட்டுமே வல்லுறவு எனக் குறிக்கப்படும். நாகரிகம் கருதிக் கேட்காமல் விட்ட கேள்வி இருபது ஆண்டுகள் கேட்கப்படாமலே இருந்தது. 1992இல் வினாநிரலைத் திருத்தி நேரடியாகக் கேட்கத் தொடங்கியபோது, அவ்வகைக் குற்றத்தின் மதிப்பீடு ஏறத்தாழ இரண்டரை மடங்காக உயர்ந்தது. அந்நாட்டில் திடீரென்று குற்றம் பெருகிவிடவில்லை, கேள்வி மாறியிருந்தது.

நேரடியாகக் கேட்பதிலும் ஒரு நுட்பம் இருந்தது. 1978இல் டயானா ரஸல் என்ற சமூகவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் 930 பெண்களை நேர்கண்டார். பாலியல் தாக்குதல் பற்றிய அவருடைய பல கேள்விகளில் ஒன்றே ஒன்றில்தான் 'வல்லுறவு' என்ற சொல் இருந்தது. மற்றவை நிகழ்வைச் செயலாக விவரித்தன. அச்சொல்லுக்கு 'ஆம்' என்றவர்களைவிடச் செயல் விவரிப்புகளுக்கு 'ஆம்' என்றவர்கள் மிகப் பலர். திருமணமான பெண்களில் ஏழில் ஒருவர் கணவனால் வல்லுறவுக்கோ அதற்கான முயற்சிக்கோ ஆளானதையும் அவ்வாய்வு வெளிக்கொணர்ந்தது.

உளவியலாளர் மேரி காஸ் 1980களில் இதை முறைப்படுத்தினார். அவர் வகுத்த 'பாலியல் அனுபவ வினாநிரல்' சட்டச் சொற்களைத் தவிர்த்து, நடந்ததை நடந்தவாறே விவரித்துக் கேட்டது. 32 உயர்கல்வி நிறுவனங்களில் அவர் குழு நடத்திய ஆய்வு 1987இல் வெளியானது. சட்டத்தின்படி வல்லுறவு என்று கொள்ளத்தக்க அனுபவம் உடையவர்களுள் நான்கில் ஒருவர் அளவிலேயே அதை 'வல்லுறவு' என்று தாமே பெயரிட்டனர். எஞ்சியோருக்கு அச்சொல், இருளில் பாய்ந்து வரும் அந்நியனுக்கு உரியது. அறிந்தவனுக்கும் அன்பு கொண்டவனுக்கும் உரியதன்று. ஆகவே அவர்களிடம் பெயரைக் கேட்டால் 'இல்லை' என்ற விடை வரும். செயலைக் கேட்டால்தான் 'ஆம்' என்ற விடை வரும்.

உடல் வன்முறைக்கும் இதே பாதை போடப்பட்டது. மரி ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட 'மோதல் உத்திகள் அளவுகோல்' அடித்தல் என்னும் பொதுச்சொல்லை உடைத்தது. தள்ளுதல், அறைதல், குத்துதல், உதைத்தல், ஆயுதத்தால் தாக்குதல் என்று படிப்படியாகக் கேட்டது. இன்றுவரை உலகின் பெரும்பாலான கணக்கெடுப்புகள், இந்தியக் கணக்கெடுப்பு உட்பட, அப்பட்டியலின் வழித்தோன்றல்களே.

3. ஒரே ஒரு கேள்வியுடன் இந்தியா

1993இல் ஐ.நா. பொதுச்சபை பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான பிரகடனத்தை ஏற்றது. அதே ஆண்டில் கனடாவின் புள்ளியியல் துறை, இப்பொருளுக்கென்றே தனிக் கணக்கெடுப்பை 12,300 பெண்களிடம் தொலைபேசி வழியே நடத்தியது. 1995இல் பெய்ஜிங் மாநாடு கூடியது. வன்முறை பற்றிய புள்ளிவிவரம் அரசுகளின் கடமை என்ற எண்ணம் இக்காலத்தில்தான் வேரூன்றியது.

இந்தியாவில் சிறு ஆய்வுகள் முன்னோடியாக அமைந்தன. பொருளியலாளர் விஜயேந்திர ராவ் கர்நாடகக் கிராமங்களில் மட்பாண்டத் தொழில் செய்யும் சமூகத்தினரிடையே ஆய்வு செய்தார். வினாப்பட்டியலோடு நில்லாமல் பெண்களுடன் நெடிய உரையாடல்களும் நிகழ்த்தினார். 1997இல் வெளியான அவருடைய கட்டுரையின் முக்கியமான கண்டறிதல்களுள் ஒன்று இது: கணக்கெடுப்பாளர் கேட்கும்போது பெண்கள் எல்லா அடியையும் சொல்வதில்லை. தங்கள் பார்வையில் அளவு மீறிய அடியை மட்டுமே சொல்கிறார்கள். 'தவறுக்குக் கிடைத்த' அறை அவர்கள் கணக்கில் அடியே ஆகாது.

இந்தப் பின்னணியில் 1998-99ஆம் ஆண்டின் இரண்டாம் தேசியக் குடும்பநல ஆய்வு நடந்தது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைத்த இவ்வாய்வு, அடிப்படையில் மகப்பேறு, குழந்தை நலம், ஊட்டச்சத்து பற்றியது. அதில் முதன்முறையாக வன்முறையும் இடம்பெற்றது. 15 வயது நிறைந்த பின்னர் யாரேனும் உங்களை அடித்தோ உடல்ரீதியாகக் கொடுமைப்படுத்தியோ இருக்கிறார்களா என்ற ஒரே கேள்வி. 'ஆம்' என்றால் மட்டும் யார், எத்தனை முறை என்ற தொடர்வினாக்கள்.

ஏறத்தாழ 90,000 பெண்களிடம் கேட்கப்பட்ட அக்கேள்விக்கு 21 விழுக்காட்டினர் 'ஆம்' என்றனர். கணவன் அடித்ததாகச் சொன்னவர்கள் 19 விழுக்காட்டினர். இந்திய அரசின் ஆவணம் ஒன்றில் இவ்வெண் அச்சேறியது சிறிய செயலன்று. வீட்டுக்குள் நடப்பதைத் தேசியப் புள்ளிவிவரமாக ஏற்ற முதல் நிகழ்வு அது. ஆயினும் அக்கேள்வி, எது அடி என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெண்ணிடமே விட்டது. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள், கொடுக்கப்பட்ட ஆறு காரணங்களுள் ஒன்றுக்கேனும் மனைவியை அடிப்பது சரியே என்றனர் என்பதையும் இணைத்துப் பார்க்க வேண்டும். சரியான அடியைக் கொடுமை என்று யார் சொல்வார்?

4. ஒன்று ஏழான கதை

2005-06ஆம் ஆண்டின் மூன்றாம் ஆய்வு இச்சிக்கலை நேர்கொண்டது. 'அடித்தாரா' என்பதற்குப் பதிலாக ஏழு கேள்விகள் வந்தன. உங்கள் கணவர் உங்களைத் தள்ளியது, உலுக்கியது, உங்கள்மீது எதையேனும் எறிந்தது உண்டா? கையை முறுக்கியது, முடியைப் பிடித்து இழுத்தது உண்டா? அறைந்தது? முஷ்டியாலோ காயப்படுத்தக்கூடிய பொருளாலோ குத்தியது? உதைத்தது, இழுத்துச் சென்றது, மொத்தியது? கழுத்தை நெரிக்கவோ வேண்டுமென்றே தீயிடவோ முயன்றது? கத்தியோ துப்பாக்கியோ வேறு ஆயுதமோ காட்டி மிரட்டியது, தாக்கியது? இவற்றோடு பாலியல் வன்முறை பற்றியும், பிறர் முன் இழிவுபடுத்துதல் போன்ற மனரீதியான வன்முறை பற்றியும், காயங்கள் பற்றியும் தனிக்கேள்விகள் சேர்ந்தன.

விளைவு: கணவனால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 37.2 விழுக்காடு. 'கணவர் அறைந்தார்' என்ற ஒற்றைச் செயலுக்கு மட்டுமே 34 விழுக்காட்டினர் 'ஆம்' என்றனர். ஏழாண்டுகளுக்கு முன் 'அடித்தார்' என்று சொன்னவர்கள் 19 விழுக்காடு. இப்போது 'அறைந்தார்' என்று சொன்னவர்கள் 34 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு பெண்களிடம் வெவ்வேறு காலத்தில் நடந்தவை என்பது உண்மை. எனினும் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காலமாற்றத்தால் மட்டும் விளக்க இயலாது. 'அடி' என்ற சொல்லுக்கும் 'அறை' என்ற செயலுக்கும் இடையே லட்சக்கணக்கான பெண்கள் எண்ணப்படாமல் நின்றிருந்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

நம் மொழிகளில் இவ்விடைவெளி ஆழமானது. தமிழில் 'கை நீட்டுவார்' என்பர். 'இரண்டு தட்டு தட்டினார்' என்பர். இந்தியில் 'கை ஓங்கினார்' என்பதே அடித்ததைக் குறிக்கும் வழக்கு. இவை யாவும் அடியை அடி என்று சொல்லாமல் சொல்லும் வழிகள். 'கட்டாயப்படுத்தினார்' என்ற சொல் இன்னும் கடினம். நச்சரித்ததா, மிரட்டியதா, உடல் வலிமையைக் காட்டியதா என்பது அச்சொல்லில் தெளிவதில்லை. அதனால்தான் பிந்தைய சுற்றுகளின் வினாநிரல், உடல் வலிமையால் உடலுறவுக்கு வற்புறுத்தியதையும், அச்சுறுத்தியோ வேறு வழியிலோ விரும்பாத பாலியல் செயல்களுக்கு உட்படுத்தியதையும் பிரித்துக் கேட்கிறது. பல மொழிகளுக்குப் பெயர்க்கப்படும் ஒரு வினாநிரலில் இவை ஒவ்வொன்றும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பாகவும் அமைகின்றன.

5. கேள்வியைச் சூழ்ந்த ஏற்பாடுகள்

சொற்களைச் செப்பனிட்டால் மட்டும் போதாது. கூடத்தில் மாமியார் அமர்ந்திருக்க, 'உங்கள் கணவர் உங்களை உதைத்ததுண்டா' என்று கேட்பது கேள்வியன்று. அந்தப் பெண்ணை ஆபத்தில் தள்ளும் செயல். உலக சுகாதார நிறுவனம் இதற்கென வகுத்த அறநெறி வழிகாட்டுதல்கள் சில அடிப்படைகளை நிறுவின. பெண்ணின் பாதுகாப்பே முதன்மை. கணக்கெடுப்பை வன்முறை பற்றியது என்று ஊரறியச் சொல்லலாகாது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டுமே கேட்க வேண்டும். கேட்பவர் சிறப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

10 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் அந்நிறுவனம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2005இல் வெளியானது. அதில் ஓர் எளிய உத்தி இருந்தது. சிறுவயதுப் பாலியல் கொடுமை பற்றி வாய்மொழியாகக் கேட்டதோடு, நேர்காணலின் முடிவில் ஒரு சீட்டைக் கொடுத்தனர். அதில் அழும் முகமும் சிரிக்கும் முகமும் வரையப்பட்டிருக்கும். பெண் ஒன்றைக் குறித்து உறையிலிட்டு ஒட்டித் தருவார். கேட்டவருக்கே விடை தெரியாது, எழுத்தறிவும் தேவையில்லை. பல இடங்களில் வாய்மொழியைவிடச் சீட்டில் 'ஆம்' மிகுதியாக வந்தது.

இந்திய ஆய்வும் இவ்வழிகாட்டுதல்களைப் பின்பற்றியது. வீட்டுக்கு ஒரு பெண் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுகிறார். தனிமை கிடைக்காவிடில் அப்பகுதியைக் கேட்கக் கூடாது என்று களப்பணியாளருக்கு அறிவுறுத்தல் உண்டு. கணவரோ பிறரோ குறுக்கிட்டதால் நேர்காணலை நிறுத்த நேர்ந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். ஆயினும் இவ்வினாக்கள் மிக நீண்ட நேர்காணலின் பிற்பகுதியில்தான் வருகின்றன. தடுப்பூசி, கருத்தடை, உணவு என்று நெடுநேரம் விடையளித்துக் களைத்த பெண்ணிடம், அன்றைய வீடுகளை முடித்தாக வேண்டிய களப்பணியாளர் கேட்கும் கேள்வி அது. 'இல்லை' என்ற விடை இருவருக்குமே எளிது.

6. சட்டம் எண்ணாததை எண்ணுதல்

இக்கணக்கெடுப்பின் மிகப் பெரிய அரசியல் முக்கியத்துவம், காவல் பதிவேட்டில் ஒருபோதும் இடம்பெற இயலாத ஒன்றை அது எண்ணியதில் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, மனைவியுடனான உடலுறவை வல்லுறவின் வரையறையிலிருந்து விலக்கியது. 2017இல் உச்சநீதிமன்றம் அவ்விலக்கை 18 வயதுக்குட்பட்ட மனைவியருக்குப் பொருந்தாதென்றது. 2022 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் எஞ்சிய விலக்கின்மீது இருவேறு தீர்ப்புகளை அளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அவ்விலக்கு தொடர்கிறது.

ஆனால் 2005-06ஆம் ஆண்டு ஆய்வோ கணவனைப் பற்றியே கேட்டது. பத்தில் ஒரு பெண், கணவன் உடல் வலிமையால் உடலுறவுக்கு வற்புறுத்தியதாகச் சொன்னார். அரசின் ஒரு கை குற்றமென ஏற்காததை மற்றொரு கை அளந்து அச்சிட்டது. 2014இல் ஆய்வாளர் ஆஷிஷ் குப்தா அவ்வாய்வின் தரவுகளைக் காவல் பதிவுகளோடு ஒப்பிட்டார். கணவன் அல்லாதவர் இழைத்த பாலியல் வன்முறையில் காவல்துறைக்கு எட்டியது ஏறத்தாழ 6 விழுக்காடு. கணவன் இழைத்ததில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று மதிப்பிட்டார். மணவாழ்வுக்குள் நிகழும் பாலியல் வன்முறையைப் பற்றி இன்று நீதிமன்றங்களில் நடக்கும் வாதங்களில் எண்கள் பேசுகின்றன என்றால், அவை அந்த ஓரிரு கேள்விகளால் வந்தவை.

7. 53 விழுக்காடும் 1.5 விழுக்காடும்

கேள்வி எண்ணைத் தீர்மானிக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே மிகக் கூர்மையான சான்று, சிறாரைப் பற்றியது. பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் கேட்டது. 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். அவர்களில் சரிபாதிக்கும் சற்று மேல் சிறுவர்கள். ஆனால் 2019-21ஆம் ஆண்டுக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 29 வயதுப் பெண்களுள் 18 வயதுக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 1.5 விழுக்காடு மட்டுமே.

இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டுவது எளிது. வினாநிரலைப் பார்த்தால் வேறு தெளிவு கிடைக்கும். முதல் ஆய்வு, கட்டாய முத்தம் முதல் ஆபாசப் படங்களைக் காட்டுதல் வரை பலவகைச் செயல்களைத் தனித்தனியே கேட்டது. தெருவில் வாழும் சிறார், வேலைக்குச் செல்லும் சிறார், காப்பகச் சிறார் ஆகியோரையும் தேடிச்சென்று கேட்டது. இரண்டாவது ஆய்வு, வீடுகளில் வாழும் வளர்ந்த பெண்களிடம் மட்டும், யாரேனும் எவ்வகையிலேனும் உங்களை உடலுறவுக்கோ பிற பாலியல் செயல்களுக்கோ கட்டாயப்படுத்தினார்களா என்று ஒற்றைக் கேள்வியாக வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்துக் கேட்டது. பேருந்தில் தொட்டவனும் உறவினர் வீட்டில் மடியில் இருத்தியவனும் அக்கேள்விக்குள் வருவார்களா என்பதை விடை சொல்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 1998-99இல் 'அடி' என்ற சொல்லுக்கு நேர்ந்தது, இங்கே 'கட்டாயப்படுத்துதல்' என்ற சொல்லுக்கு நேர்கிறது. ஒரு கேள்வி ஏழான மாற்றம், கணவனைப் பற்றிய வினாக்களோடு நின்றுவிட்டது.

8. பட்டியலின் எல்லைகள்

செயல்களைப் பட்டியலிடும் முறைக்கும் வலுவான மறுப்புகள் உண்டு. ஸ்ட்ராஸின் அளவுகோல் கணவனும் மனைவியும் ஏறத்தாழச் சமமாகவே ஒருவரையொருவர் தாக்குவதாகக் காட்டியபோது, டோபாஷ் இணையர் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தனர். தள்ளியவர் தற்காத்துக்கொள்ளத் தள்ளினாரா, அடக்கத் தள்ளினாரா? காயம் யாருக்கு? அச்சத்தில் வாழ்வது யார்? செயலை மட்டும் எண்ணும் பட்டியல் இவற்றுக்கு விடை தராது. 1996இல் வந்த திருத்தப் பதிப்பு காயத்தையும் பாலியல் வற்புறுத்தலையும் சேர்த்துக்கொண்டது அம்மறுப்பின் பயன்.

இந்திய நிலைமைக்குப் பட்டியல் போதாமல் போகும் இடங்கள் மேலும் உள்ளன. உணவைத் தராமல் வைத்தல், பிறந்த வீட்டுக்கு அனுப்ப மறுத்தல், வரதட்சிணை கேட்டு மாமியாரும் நாத்தனாரும் இழைக்கும் கொடுமை ஆகியவை அறைக்கும் உதைக்கும் வகுத்த ஏழு வரிகளில் அடங்கா. 49 வயதைக் கடந்த பெண்ணிடம் இவ்வாய்வு கேட்பதே இல்லை. விடுதியிலும் நடைபாதையிலும் வாழ்பவரை வீடுவீடாகச் செல்லும் கணக்கெடுப்பு எட்டுவதில்லை. ஆண்கள் அடைந்த பாலியல் வன்முறைக்கு அதில் இடமே இல்லை.

9. மீண்டும் கர்நாடகத்தின் எண்

தேசிய அளவில் 2005-06இல் 37.2 ஆக இருந்த விழுக்காடு, 2015-16இல் சுமார் 31 ஆகவும் 2019-21இல் 29.3 ஆகவும் குறைந்தது. இதை முன்னேற்றம் என்று அரசுகள் கொள்கின்றன. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கர்நாடகத்தின் இருமடங்கு உயர்வை 'தரவுக் கோளாறு' என்று ஒதுக்குபவர், தேசியச் சரிவை மட்டும் ஐயமின்றி ஏற்பது நேர்மையாகாது. இரண்டும் ஒரே கருவியின் அளவீடுகள்.

அவ்விரு சுற்றுகளிலும் வினாக்களின் சொற்கள் பெரிதும் ஒன்றே. ஆகவே கர்நாடகத்தின் உயர்வை வினாவின் சொல்லால் விளக்க முடியாது. எஞ்சுபவை வேறு. இப்பகுதி தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் கேட்கப்படுவதால் ஒரு மாநிலத்திற்குரிய மாதிரி சிறியது. களப்பணி நிறுவனமும் பயிற்சியும் தனிமையின் தரமும் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியவை. பெண்களின் சொல்லும் துணிவும் மாறக்கூடியது. வன்முறையே கூடியிருக்கவும் கூடும். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்தறிய, ஒரே ஊரில் இருவேறு முறைகளில் கேட்டு ஒப்பிடும் ஆய்வுகள் வேண்டும். ருவாண்டாவிலும் நைஜீரியாவிலும் அத்தகைய ஆய்வு நடந்துள்ளது. தனித்தனியே 'ஆம், இல்லை' என்று சொல்லவேண்டாத மறைமுக முறையில் கேட்டபோது, ருவாண்டாவில் சில வன்முறைகளின் அளவு நேர்முகக் கேள்வியில் கிடைத்ததைவிட மிகவும் உயர்ந்தது.

குறைந்த எண் எப்போதும் குறைந்த வன்முறையைக் குறிப்பதில்லை என்பதற்கு நம் ஆய்விலேயே சான்று உண்டு. 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்களுள் 14 விழுக்காட்டினரே யாரிடமேனும் உதவி நாடியவர்கள். நான்கில் மூவருக்கும் மேலானோர் உதவி நாடவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. அதாவது, தாயிடமும் தமக்கையிடமும் தோழியிடமும் சொல்லாததை, கையில் சிறு கணினியுடன் வந்த முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம்தான் அவர்கள் முதன்முறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய இழையில்தான் இந்த எண்கள் தொங்குகின்றன.

ஆகவே அடுத்த சுற்றின் முடிவுகள் வெளிவந்து, 'இந்த மாநிலம் முதலிடம்', 'அந்த மாநிலத்தில் பாதியாகச் சரிவு' என்ற தலைப்புகள் வரும்போது, பகிர்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கேட்டது பெயரையா, செயலையா? யாரிடம் கேட்டார்கள், யாரை விட்டார்கள்? தனிமை கிடைத்ததா? மாதிரி எவ்வளவு பெரியது? முந்தைய சுற்றில் கேட்டதும் இதே கேள்விதானா? இவை புள்ளியியலாளருக்கு மட்டும் உரிய நுணுக்கங்களல்ல. எந்த மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையத்திற்குப் பணம் ஒதுக்குவது, எந்தச் சட்டவிலக்கை நீக்குவது என்பன போன்ற முடிவுகள் இவ்வெண்களை முன்வைத்தே வாதிடப்படுகின்றன. 1998-99இன் ஒற்றைக் கேள்வியோடு நாம் நின்றிருந்தால், அறை வாங்கிய பெண்களுள் பெரும்பகுதியினர் இந்நாட்டின் கணக்கில் இன்றும் அடிபடாதவர்களாகவே இருந்திருப்பர். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுள் பெரும்பகுதியினர் அந்த இடத்தில்தான் இன்னும் நிற்கிறார்கள். அவர்களுக்கான ஏழு கேள்விகள் இன்னும் எழுதப்படவில்லை.